ட்ரோன் தாக்குதலில் உறவுகளை இழந்தவர்களைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறீர்களா? ஆவணம், செலவு, காலக்கணக்கு

ட்ரோன் போரில் இறந்துபோன சாதாரண மக்களையும் அவர்களுக்குப் பின் மிஞ்சியிருப்பவர்களையும் பற்றிக் குறும்படம் எடுக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சிறு குழுவாக அப்படியொரு ஆவணக் குறும்படத்தைத் தொடங்கி, திரையிடல் வரைக்கும் கொண்டுபோனோம். கேமராவையும் லென்ஸையும் பற்றிச் சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தை எந்த மொழியில் எழுதுவது, ராணுவம் வெளியிட்ட காட்சியைப் படத்தில் வைக்கலாமா, மொழிபெயர்ப்புக்கு எவ்வளவு நாள் ஒதுக்குவது என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆள் இல்லை. நாங்கள் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் படத்தில் பணமும் நேரமும் வானத்துக்குப் போகக் கூடாது, தரைக்குப் போகவேண்டும். ட்ரோன் ஷாட், வெடிப்பு, கிராஃபிக்ஸ் எல்லாம் கடைசி வரிசை. ஒப்புதல், மொழிபெயர்ப்பு, ஒலி மூன்றும் முதல் வரிசை. கீழே வரும் எல்லாமே இந்த வரிசைப்படிதான்.

1. ஒரே ஒரு சம்பவத்தைத் தேர்ந்தெடுங்கள்

ட்ரோன் போர் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. பாகிஸ்தானின் வஜீரிஸ்தான் பகுதியில் 2004 முதல் 2018 வரை அமெரிக்கா நடத்திய தாக்குதல்களில் பறந்தவை பிரிடேட்டர், ரீப்பர் என்ற பெரிய விமானங்கள். பல கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கணக்காக வட்டமிட்டுவிட்டு ஹெல்ஃபயர் ஏவுகணையை விடுபவை. உக்ரைனின் கெர்சோன் நகரில் நடப்பது வேறு. அங்கே சிறிய எஃப்பிவி ட்ரோன்களை ஓட்டுகிறவர், ட்ரோனின் கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்தபடியே தெருவில் போகும் ஒரு ஆளைத் துரத்த முடியும். பொதுமக்களைக் குறிவைத்து அங்கே ரஷ்யப் படைகள் நடத்தும் ட்ரோன் தாக்குதல்கள் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாதம் சொன்னது. நைஜீரியாவின் கடூனா மாநிலத்தில் துதுன் பிரி என்ற கிராமம். 2023 டிசம்பர் 3 அன்று மீலாது விழாவுக்குக் கூடியிருந்தவர்கள் மீது அந்த நாட்டு ராணுவத்தின் ட்ரோனே குண்டு வீசியது. குறைந்தது 85 பேர் செத்துப்போனார்கள்.

மூன்றிலும் ஒலி வேறு, உயரம் வேறு, சட்டம் வேறு, யாரிடம் நியாயம் கேட்பது என்பதும் வேறு. எல்லாவற்றையும் பதினைந்து நிமிடத்துக்குள் அடைத்தால் செய்தித் தொகுப்புதான் மிஞ்சும். ஒரு சம்பவம், ஒரு வீடு, முடிந்தால் ஒரே ஒரு ஆள் என்று குறுக்குங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விசாரணைகளாவது வெளிவந்திருக்கின்றனவா? உயிரோடு இருப்பவர்களைச் சந்திக்க அவர்களுக்கு ஆபத்தில்லாத வழி இருக்கிறதா? அவர்களுடைய மொழியில் நம்பகமான மொழிபெயர்ப்பாளர் இருவர் கிடைப்பார்களா? மூன்றாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் வேறு சம்பவத்தைப் பாருங்கள்.

2. நீளத்தை இப்போதே முடிவு செய்யுங்கள்

விழாக்களின் வரம்புகள் எடிட்டிங் முடிந்த பிறகு தெரிந்தால் பயனில்லை. கான் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடம்தான், டைட்டில்களும் அதற்குள் அடக்கம். வெனிஸ் 20, பெர்லின் 30, ஆஸ்கர் 40 நிமிடம். புதியவர்களுக்கு என் யோசனை 14 நிமிடம். விழாக்காரர்கள் நீளமான குறும்படத்துக்கு நிகழ்ச்சி நிரலில் இடம் கண்டுபிடிக்கத் திணறுவார்கள். 14 நிமிடப் படம் எங்கேயும் பொருந்தும்.

3. ஆதாரக் கோப்பு

சாவின் எண்ணிக்கையைத் திரையில் போடுகிற படம் எதிர்த்தரப்பின் கேள்விக்குத் தயாராக இருக்கவேண்டும். இந்தத் துறையில் எண்கள் ஒத்துப்போவதில்லை. லண்டனில் இயங்கும் புலனாய்வு இதழியல் பணியகம் (Bureau of Investigative Journalism) பாகிஸ்தானில் 430 தாக்குதல்களைப் பதிவு செய்தது. இறந்தவர்கள் 2,515 முதல் 4,026 வரை, அதில் பொதுமக்கள் 424 முதல் 969 வரை என்பது அவர்கள் கணக்கு. வெள்ளை மாளிகை 2016 ஜூலையில் வெளியிட்ட கணக்கோ, 2009 முதல் 2015 வரை பல நாடுகளில் நடந்த 473 தாக்குதல்களிலும் சேர்த்து, போரில் ஈடுபடாதவர்கள் 64 முதல் 116 பேர் இறந்ததாகச் சொன்னது. காலமும் எல்லையும் இரண்டிலும் வேறு என்றாலும், அந்த இடைவெளியே ஒரு கதைதான். ஆகவே ஒற்றை எண்ணைப் போடாதீர்கள். வீச்சைப் போட்டு, யாருடைய கணக்கு என்பதையும் கூடவே போடுங்கள்.

அதிகாரிகளின் முதல் அறிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குக் காபூல் சம்பவம் போதும். 2021 ஆகஸ்ட் 29 அன்று வெள்ளை டொயோட்டா கார் ஒன்றின் மீது நடந்த தாக்குதலைச் சரியான தாக்குதல் என்றுதான் அமெரிக்க ராணுவத் தலைமை முதலில் சொன்னது. காரில் வந்தவர் ஒரு தொண்டு நிறுவன ஊழியர் என்றும், அவர் ஏற்றியது தண்ணீர் கேன்களாக இருக்கலாம் என்றும் செய்தியாளர்கள் கண்காணிப்புக் கேமராக் காட்சிகளை வைத்துக் காட்டினார்கள். செப்டம்பர் 17 அன்று பென்டகன் தவறை ஒப்புக்கொண்டது. இறந்த பத்துப் பேரும் பொதுமக்கள். அதில் ஏழு பேர் குழந்தைகள். அந்தத் தாக்குதலின் ட்ரோன் காட்சிகள் 2022 ஜனவரியில்தான், அதுவும் தகவல் உரிமைச் சட்டப்படி வழக்குப் போட்ட பிறகு வெளியே வந்தன. நீங்களும் அப்படி ஒரு ஆவணத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வருடக்கணக்கிலும் ஆகலாம். அது வந்தால்தான் படம் என்று திட்டமிடாதீர்கள்.

கோப்பு எப்படி இருக்கவேண்டும்? ஒரு சாதாரண எக்செல் தாள் போதும். படத்தில் வரும் ஒவ்வொரு தகவல் வாக்கியத்துக்கும் ஒரு வரி. பக்கத்தில் இரண்டு ஆதாரங்கள், தேதி, யார் சரிபார்த்தார் என்ற குறிப்பு. இணையத்தில் இருந்து எடுத்த வீடியோ என்றால் இறக்கிய அன்றே அசல் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்து, அதன் ஹாஷ் எண்ணையும் (கோப்பில் எது மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்) எழுதி வையுங்கள். நாளைக்கு நீங்கள் அதை மாற்றியதாக யாராவது சொன்னால் அந்த எண்தான் பேசும். இதற்கான முறையை ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து பெர்க்லி புரோட்டோகால் என்ற பெயரில் 2020-ல் வெளியிட்டிருக்கின்றன. இலவசம். முழுவதும் படிக்க ஒரு வார இறுதி போதும்.

ஒரு பொறி: போர் வீடியோ என்று பரவும் பலவும் கணினி விளையாட்டுக் காட்சிகள். ஆர்மா 3 விளையாட்டின் காட்சிகள் உண்மையான போர் என்று பரப்பப்படுவதைப் பற்றி அதைத் தயாரித்த நிறுவனமே 2022-ல் எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. கறுப்பு வெள்ளையாக, நடுவில் குறுக்குக் கோடு போட்டிருந்தாலே ராணுவக் காட்சி என்று நம்பிவிடாதீர்கள்.

இந்தக் கட்டத்துக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். செலவு குறைவு, உழைப்பு அதிகம்.

4. குடும்பத்தை அணுகுவதும் ஒப்புதலும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நேரடியாகப் போய்க் கதவைத் தட்டக் கூடாது. அந்தக் குடும்பத்தோடு ஏற்கெனவே தொடர்பில் இருக்கும் வழக்கறிஞர், மனித உரிமை அமைப்பு, அல்லது உள்ளூர்ப் பத்திரிகையாளர் வழியாகப் போங்கள். அவர்கள் 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். அமெரிக்கப் படையோடு பேசியவன், ஆயுதக் குழுவோடு பேசியவன், வெளிநாட்டுக் கேமராவோடு பேசியவன் என்று எந்தப் பெயர் ஒட்டினாலும் சில ஊர்களில் உயிருக்கே ஆபத்து. அந்த ஆபத்தை எடைபோடத் தெரிந்தவர்கள் அங்கே வாழ்கிறவர்கள்தான், நாமல்ல.

முதல் சந்திப்புக்குக் கேமரா எடுத்துப் போகாதீர்கள். போனில்கூடப் படம் எடுக்காதீர்கள். படம் எதற்கு, எங்கே ஓடும், யார் பார்ப்பார்கள், இதனால் அவர்களுக்கு என்ன கிடைக்காது என்று சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். இழப்பீடு, புகலிடம், வழக்கில் வெற்றி இவற்றில் ஏதாவது இந்தப் படத்தால் வரும் என்று பல குடும்பங்கள் மனதுக்குள் நம்பியிருக்கும். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நீங்களாகவே எடுத்துச் சொல்லி, அது நம் கையில் இல்லை என்று தெளிவாக்குங்கள். அந்த நம்பிக்கையின் மேல் வாங்கிய கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

படிவத்தை வழக்கறிஞர் எழுதித் தரும் ஆங்கிலத்தில் அப்படியே நீட்டாதீர்கள். அவர்கள் வீட்டில் பேசும் மொழியில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டி, அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வதை ஒலிப்பதிவு செய்யுங்கள். படிவத்தில் தனித்தனிக் கட்டங்களாக இருக்கவேண்டியவை: பெயரைச் சொல்லலாமா, முகத்தைக் காட்டலாமா, குரலை அப்படியே வைக்கலாமா, ஊரின் பெயர் வரலாமா, இறந்தவரின் புகைப்படத்தைப் பயன்படுத்தலாமா. ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் படிவங்கள் தயாரிப்பு நிறுவனங்களுக்கு வசதி, அந்த மனிதர்களுக்கு அநியாயம். விழாத் திரையிடலுக்கும் இணைய வெளியீட்டுக்கும் தனித்தனியாக ஒப்புதல் கேளுங்கள். ஒரு நகரத்துத் திரையரங்கில் இருநூறு பேர் பார்ப்பதும், அவர்களுடைய ஊர்க்காரர்கள் போனில் பார்ப்பதும் ஒன்றாகாது.

விலகிக்கொள்ளும் உரிமைக்கும் தேதி போட்டு எழுதுங்கள். படத்தொகுப்பு இறுதியாகும் நாள் வரை எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம் என்று இருக்கட்டும். பயமாக இருக்கும், தெரியும். ஆனால் விலகலாம் என்று தெரிந்தவர்கள்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

பேசுவதற்குப் பணம் கொடுக்காதீர்கள். அதேசமயம் அவர்களுடைய ஒரு நாள் கூலி போனால் அதையும் பயணச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கொடுத்தே ஆகவேண்டும். இரண்டையும் பிரித்து ரசீது வையுங்கள். சாட்சியை விலைக்கு வாங்கியதாக யாரும் பிறகு பேச இடம் இருக்கக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, குழந்தையும் சம்மதிக்கவேண்டும். 2012 அக்டோபரில் வடக்கு வஜீரிஸ்தானில் தோட்டத்தில் இருந்த பாட்டி கொல்லப்பட்டதைப் பார்த்த பேரப்பிள்ளைகள், அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் பேசினார்கள். கேட்க வந்த உறுப்பினர்கள் ஐந்தே பேர். மேகமூட்டமான நாளில் ட்ரோன் பறக்காது, அதனால் நீல வானத்தைவிட அதுவே பிடிக்கும் என்று பதின்மூன்று வயதுப் பையன் சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. அதைப் படித்துவிட்டு, தன் படத்திலும் ஒரு குழந்தை அப்படி ஒரு வரி சொல்லவேண்டும் என்று ஆசைப்படும் இயக்குநர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தாக்குதல் நடந்த நாளைத் திரும்பச் சொல்லும்படி எந்தக் குழந்தையையும் கேட்காதீர்கள். இப்போது என்ன படிக்கிறாய், எங்கே விளையாடுவாய் என்று கேளுங்கள். எங்கே விளையாடுவதை நிறுத்தியது என்பது தானாகவே வந்துவிடும்.

பெரியவர்களிடமும் 'அப்போது எப்படி இருந்தது' என்று கேட்கவேண்டியதில்லை. அன்று காலை என்ன வேலை இருந்தது, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், பிறகு அந்தக் கட்டிலை என்ன செய்தீர்கள் என்று பொருள்களையும் வேலைகளையும் பற்றிக் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் கேமராவை நிறுத்தச் சொல்ல ஒரு கைச்சைகை பேசி வையுங்கள். பேட்டி முடிந்ததும் லைட்டைக் கழற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். அதன் பிறகு ஒரு மணி நேரமாவது அங்கேயே இருங்கள்.

5. மொழிபெயர்ப்பு

பாஷ்டோவோ அரபியோ ஹௌஸாவோ, ஒரு மணி நேரப் பேட்டியை நேரக்குறிப்போடு எழுதி மொழிபெயர்க்க ஒரு முழு நாள் உழைப்புத் தேவைப்படும். பத்து மணி நேர ஃபுட்டேஜ் என்றால் இரண்டு வாரம் என்று வையுங்கள். உடன் வந்து வாய்மொழியாகச் சுருக்கிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்பி எடிட்டிங் தொடங்கக் கூடாது. துக்கத்தில் பேசுகிறவர் சொல்லும் பத்து வாக்கியங்களை அவர் இரண்டாகச் சுருக்குவார். உயிர் இருப்பது விடுபட்ட எட்டில்.

களத்தில் உதவியவர் ஒருவர், எழுத்து மொழிபெயர்ப்புக்கு வேறொருவர், கடைசியில் சப்டைட்டிலைப் படத்தோடு வைத்துச் சரிபார்க்க மூன்றாமவர் என்பது நல்ல ஏற்பாடு. மூன்றாமவருக்குக் கொடுக்கும் பணத்தை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள். எல்லோரிடமும் ரகசியக் காப்பு ஒப்பந்தம் வாங்குங்கள். பெண்களைப் பேட்டி காணப் பெண் மொழிபெயர்ப்பாளரும் பெண் ஒளிப்பதிவாளரும் இல்லாவிட்டால், சில வீடுகளில் பாதிக் கதை உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

6. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்

நெவாடாவின் க்ரீச் விமானப்படைத் தளம் போன்ற இடங்களில் உட்கார்ந்து ட்ரோனை இயக்கியவர்களையும் படத்தில் சேர்க்க ஆசை வரும். அவர்களுக்கும் காயம் இருக்கிறது. மணிக்கணக்காக ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு அதையே அழித்து, பணிநேரம் முடிந்து வீட்டுக்குப் போய் சாப்பிட உட்காருவது மனதை விட்டு எளிதில் போகாது. சேர்ப்பதென்றால் வழக்கறிஞர் இல்லாமல் சேர்க்காதீர்கள். ரகசியக் காப்பு உறுதிமொழி அவர்களை வாழ்நாள் முழுக்கக் கட்டும். ட்ரோன் திட்டத்தின் ரகசிய ஆவணங்களைப் பத்திரிகையாளருக்குக் கொடுத்ததற்காக அமெரிக்க விமானப்படையின் முன்னாள் உளவுப் பகுப்பாய்வாளர் டேனியல் ஹேல் 2021-ல் 45 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவர்கள் மனதில் நடந்ததைக் கேளுங்கள். கருவி, இடம், கட்டளை முறை பற்றிக் கேட்காதீர்கள்.

14 நிமிடத்தில் இரண்டு தரப்புக்கும் இடம் போதாது என்பது என் கருத்து. இயக்கியவரின் வருத்தம் வந்ததும், பார்ப்பவர்களின் மனம் அவர் பக்கம் போய்விடுகிறது. அவர் அந்தப் பார்வையாளர்களின் மொழியில் பேசுகிறார் என்பதுதான் காரணம்.

7. மேலிருந்து எடுக்கும் காட்சிகள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம். கடையில் கிடைக்கும் நான்கு விசிறி ட்ரோனைப் பறக்கவிட்டு, நேர் கீழே பார்க்கும் காட்சியை எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, ரீப்பர் பார்த்தது என்று வைப்பார்கள். ரீப்பர் பெரும்பாலும் ஆறேழு கிலோமீட்டர் உயரத்தில் இருந்து சாய்வாகப் பார்க்கிறது. மிக நீண்ட லென்ஸ் வழியாக, அகச்சிவப்பில். பல நாடுகளில் நமக்கு அனுமதி உள்ள உயரம் 120 மீட்டர்தான். அந்தத் தட்டையான சாய்வுப் பார்வை வேண்டுமானால், ஒரு குன்றின் உச்சியில் இருந்து நீண்ட டெலிபோட்டோ லென்ஸ் போட்டு எடுங்கள். செலவு குறைவு, அனுமதிச் சிக்கலும் குறைவு, உண்மைக்கும் பக்கத்தில் வரும்.

அதைவிட முக்கியம், ட்ரோனால் சொந்தங்களை இழந்த ஊரில் ட்ரோனைப் பறக்கவிடாதீர்கள். எந்தக் காட்சியும் அதற்கு ஈடில்லை. போர் நடக்கும் நாட்டில் அது உங்கள் உயிருக்கும் ஆபத்து.

வேறு இடத்தில் பறக்கவிடுவதென்றால்: ட்ரோன் பதிவு, ஓட்டுநர் சான்று, மூன்றாம் தரப்புக் காப்பீடு, நில உரிமையாளர் கடிதம். 250 கிராமுக்குக் குறைவாக இருந்தால் எதுவும் வேண்டாம் என்று சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கேமரா இருந்தால் இயக்குபவர் பதிவு வேண்டும். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்கு மட்டும்தான் அந்த விலக்கு, விழாவுக்குப் போகும் படம் அதில் சேராது. மொராக்கோ போன்ற நாடுகளில் முன்னனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். ராணுவத் தளங்களை வெளியே நின்று படமெடுப்பதும் பல நாடுகளில் குற்றம்.

அமெரிக்க ராணுவ ஊழியர்கள் பணியின்போது எடுத்து வெளியிட்ட காட்சிகளுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை. பயன்படுத்தலாம். அவற்றை வைப்பதால் அவர்கள் இந்தப் படத்தை ஆதரிப்பதாக அர்த்தம் ஆகாது என்ற வாசகத்தை டைட்டிலில் போட்டுவிடுங்கள். ஆயுதத் தயாரிப்பு நிறுவனங்களின் விளம்பரக் காட்சிகள் இந்தக் கணக்கில் வராது, அவற்றுக்கு உரிமம் வேண்டும். செயற்கைக்கோள் படம் வேண்டுமானால் சென்டினல்-2 இலவசம். ஆனால் அதன் ஒரு புள்ளி 10 மீட்டர், ஒரு வீடு தெரியாது. வீடு தெரியும் அளவுக்கு வேண்டுமென்றால் காசு கொடுத்துத் தனியார் நிறுவனத்திடம் திரைப்பட உரிமத்தோடு வாங்கவேண்டும்.

8. ஒலி

பேட்டிகளில் மக்கள் திரும்பத் திரும்பச் சொல்வது சத்தத்தைப் பற்றித்தான். குண்டின் சத்தம் இல்லை, அது விழும் வரை நாள் முழுக்க மேலே கேட்டுக்கொண்டே இருந்த ரீங்காரம். ஸ்டான்ஃபோர்ட், நியூயார்க் பல்கலைக்கழகங்களின் சட்டப் பள்ளிகள் 2012-ல் வெளியிட்ட வஜீரிஸ்தான் அறிக்கையில், அந்தச் சத்தத்தில் தூங்க முடியாமை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பயம், சாவு வீட்டில்கூடக் கூட்டமாக உட்காரப் பயம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. படத்தின் முதுகெலும்பு இங்கேதான் இருக்கிறது.

சரியான சத்தத்தைத் தேடுங்கள். பிரிடேட்டரில் இருந்தது நான்கு சிலிண்டர் பிஸ்டன் இன்ஜின். ரீப்பரில் டர்போபிராப். உக்ரைனில் இரவில் வரும் ஷாஹெத் வகைத் தாக்குதல் ட்ரோனுக்கு இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் போன்ற உறுமல். எஃப்பிவி என்றால் சில வினாடிகள் மட்டும் கேட்கும் கீச்சு. சவுண்ட் லைப்ரரியில் 'ட்ரோன்' என்று தேடினால் கிடைக்கும் நான்கு விசிறிச் சத்தத்தை வஜீரிஸ்தான் காட்சிக்குப் போட்டால், அந்த ஊர்க்காரர்கள் முதல் வினாடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீட்டுக்குள் கேட்பது, திறந்தவெளியில் கேட்பது, தூரத்தில் கேட்பது மூன்றையும் தனித்தனியாகக் கலக்கச் சொல்லுங்கள். தூரம் கூடக்கூட மெல்லிய கீச்சு மங்கி, அடித்தொனிதான் மிஞ்சும். திகில் படம்போல அதற்கு அடியில் பாஸ் இசை போடாதீர்கள். ஒலியைக் குறைவாக, விடாமல் வைத்து, ஒரு இடத்தில் திடீரென்று நிறுத்திப் பாருங்கள்.

ஹெல்ஃபயர் ஒலியைவிட வேகமாகப் பாயக்கூடியது. அடிபடும் இடத்தில் நிற்பவருக்கு அது வரும் சத்தம் கேட்காமலே போகலாம், கேட்டாலும் சில வினாடிச் சீறல்தான். விசிலடித்துக்கொண்டு இறங்கும் குண்டு சத்தம் பழைய போர்ப்படங்களின் பழக்கம், இங்கே பொய். வெடிப்பைக் காட்டாமலே படத்தை முடிக்க முடியும். நாங்கள் காட்டவில்லை.

ஒலி வடிவமைப்புக்கும் கலவைக்கும் சேர்த்து நான்கு வாரம் கொடுங்கள்.

9. பட்ஜெட்டை எப்படிப் பங்கிடுவது

தொகை ஆளுக்கு ஆள் மாறும், பங்கு அவ்வளவாக மாறாது. எனக்குச் சரியாகப் படும் பங்கீடு: பயணமும் தங்குமிடமும் கால்வாசி. மொழிபெயர்ப்பும் சப்டைட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு. ஒலி ஏழில் ஒரு பங்கு. படத்தொகுப்பும் நிறச் சீரமைப்பும் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சத்தில்தான் கேமரா வாடகை, சட்ட ஆலோசனை, காப்பக உரிமம், விழாக் கட்டணம், எதிர்பாராத செலவு. கேமரா வாடகை மொழிபெயர்ப்பைவிட அதிகமாக வந்தால் பட்ஜெட்டைத் திரும்ப எழுதுங்கள்.

காப்பகச் செய்திக்காட்சிகள் வினாடிக் கணக்கில் விற்கப்படுகின்றன. விலை கேட்கும்போது மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: எந்தெந்த நாடுகள், எத்தனை வருடம், எந்தெந்த ஊடகம். ஒரு காப்பக நிறுவனம் எங்களுக்கு முதலில் சொன்ன விலை விழாத் திரையிடலுக்கு மட்டும் என்பது இன்வாய்ஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. இணைய உரிமைக்குத் தனியாகக் கேட்டார்கள். ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். செய்திக்காட்சியை நியாயமான பயன்பாடு என்று சொல்லி இலவசமாக வைக்கலாம் என்பார்கள். அது நாட்டுக்கு நாடு மாறும், காப்பீட்டு நிறுவனம் வழக்கறிஞரின் கடிதம் கேட்கும்.

10. பயணமும் கருவியும்

தாக்குதல் நடந்த ஊருக்கே போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாகிஸ்தானின் பழைய பழங்குடிப் பகுதிகளுக்கு வெளிநாட்டவர் போகத் தனி அனுமதிக் கடிதம் தேவை. உக்ரைனின் போர்முனைப் பகுதிகளில் வேலை செய்ய ராணுவ அங்கீகார அட்டை தேவை. இடம்பெயர்ந்தவர்கள் பாதுகாப்பான நகரங்களில் இருக்கிறார்கள் என்றால் அங்கேயே சந்தியுங்கள். அவர்களுக்கும் அது நல்லது.

விசா விண்ணப்பத்தில் சுற்றுலா என்று எழுதிவிட்டுப் படமெடுக்கப் போகாதீர்கள். மாட்டினால் நீங்கள் நாடு திரும்பலாம், உதவிய உள்ளூர்க்காரர் சிறைக்குப் போவார். கருவிகளுக்கு ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் ஒரு வருடம் செல்லும். போகும் நாடு அதை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு லென்ஸின் வரிசை எண்ணும் அதில் இருக்கவேண்டும். கூடுதல் லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போகவேண்டும். 100 வாட்-அவர் வரை பிரச்சினை இல்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு, அதற்கு மேல் கிடையாது.

ஹார்ட் டிஸ்க்குகளை என்கிரிப்ட் செய்து மூன்று பிரதிகள் வையுங்கள், மூன்றையும் ஒரே ஆள் சுமக்கக் கூடாது. கோப்புகளின் பெயரில் ஆட்களின் பெயரை எழுதாதீர்கள். போன் படங்களில் ஒட்டிக்கொள்ளும் இருப்பிடத் தகவலை அணைத்து வையுங்கள். முகத்தைக் காட்ட வேண்டாம் என்று சொன்ன ஆளின் முகத்தைப் பிறகு மங்கலாக்கலாம் என்று முழுதாகப் படமெடுக்காதீர்கள். நிழலில் வைத்தோ கையை மட்டுமோ எடுங்கள். கைப்பற்றப்படும் டிஸ்க்கில் மங்கலாக்காத முகம்தான் இருக்கும்.

11. படத்தொகுப்பும் திரும்பக் காட்டுவதும்

முதல் வெட்டு முடிய மூன்று மாதம். அது முடிந்ததும் நண்பர்களுக்குக் காட்டுவதற்கு முன்னால் அந்தக் குடும்பத்துக்குக் காட்டுங்கள், அவர்கள் மொழியில் மற்றவர்களுடைய பேச்சுக்கும் சப்டைட்டிலோ குரலோ சேர்த்து. இணைப்பை அனுப்பிவிட்டு விட்டுவிடாதீர்கள், யாராவது கூட இருக்கவேண்டும். உறவுமுறையோ வயதோ மாறிப்போயிருந்தால் அப்போதுதான் தெரியும். இறந்தவரின் புகைப்படம் எவ்வளவு நேரம் திரையில் நிற்கிறது என்பதில் அவர்களுக்குக் கருத்து இருக்கும். அதைக் கேளுங்கள்.

நடித்துக் காட்டும் காட்சி எதுவானாலும் அது நடிப்பு என்று திரையிலேயே எழுதுங்கள். உடல்களைக் காட்டுவதா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பது. அந்தப் படங்கள் ஏற்கெனவே ஊர் ஊராகச் சுற்றிவிட்டன. அவர்கள் உயிரோடு இருந்தபோது எடுத்த ஒரு கல்யாணப் படமோ பள்ளி அடையாள அட்டையோ வீட்டில் இருக்கும். அதை ஒழுங்காக ஸ்கேன் செய்து, அசலை அன்றே திருப்பிக் கொடுங்கள்.

12. விழாக்களும் வெளியீடும்

விழாக் கட்டணங்கள் சிறுகச் சிறுகச் சேர்ந்து பெரிதாகிவிடும். முதலிலேயே உச்சவரம்பு போடுங்கள். ஆவணப்பட விழாக்கள், மனித உரிமைப் பட விழாக்கள், குறும்பட விழாக்கள் என மூன்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் நாலைந்தோடு நிறுத்துங்கள். மனித உரிமைப் பட விழாக்கள் பலவும் கேட்டால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பெரிய விழாக்கள் முதல் திரையிடல் தங்களிடம் நடக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும். இணையத்தில் பொதுவில் போட்ட குறும்படம் ஆஸ்கர் தகுதியையும் இழக்க நேரிடும். ஆகவே விழாக்களின் வட்டம் முடியும் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு வருடம், கடவுச்சொல் போட்ட இணைப்பு மட்டுமே. திரையரங்குக்கு டிசிபி (டிஜிட்டல் புரொஜெக்டருக்கான படக்கோப்பு) கேட்பார்கள். அதைப் போட்டுப் பார்க்காமல் அனுப்பாதீர்கள், சப்டைட்டில் காணாமல் போகும் இடம் அதுதான்.

குடும்பத்தில் ஒருவரை விழாவுக்கு அழைக்கப் போகிறீர்கள் என்றால் விசாவுக்கு ஆறு மாதம் முன்னால் வேலையைத் தொடங்குங்கள். 2013-ல் வாஷிங்டனில் பேச வந்த அந்த வஜீரிஸ்தான் குடும்பத்தின் வழக்கறிஞருக்கே அமெரிக்க விசா கிடைக்கவில்லை. டிக்கெட், காப்பீடு, கூட வரும் மொழிபெயர்ப்பாளர் எல்லாம் உங்கள் செலவு. கேள்வி பதில் நேரத்தில் என்னென்ன கேட்கக் கூடாது என்று தொகுப்பாளரிடம் முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

விழா வட்டம் முடிந்து இணையத்தில் வெளியிடும் நாள் வரும்போது, பழைய படிவத்தை எடுத்துக்கொண்டு அதே மொழிபெயர்ப்பாளரோடு மறுபடி அந்தக் குடும்பத்திடம் பேசுங்கள். ஒரு வருடத்தில் ஊர் நிலவரம் மாறியிருக்கலாம், ஆட்சி மாறியிருக்கலாம், பிள்ளை வளர்ந்து தன் முகம் வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அந்தக் காட்சியை எடுத்துவிட்டு, புதிய பிரதியை எல்லா விழாக் காப்பகங்களுக்கும் அனுப்பி, பழையதை அழித்ததாக எழுத்தில் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.